கதையைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள்

‘இக்கதையால் நாம் அறியும் நீதி யாதெனில்’ என்று ஒரு வரி எழுதாமல் தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்க முடியாது. பத்து வயதுக்கு அந்த வரி போதும். ஆமை ஜெயித்தது, முயல் தோற்றது, மிதப்பு கூடாது. அத்தோடு கணக்கு முடிந்தது. ஆனால், இருபது வயதில் தத்துவத்தைப் பாடமாக எடுத்துப் படிக்கிற பிள்ளைகளும் அதே வரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

நான் கான்சாபுரத்துக்காரன். தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பிக் கொஞ்சம் நெல், மலையடிவாரத்தில் கொஞ்சம் தென்னை என்று காலம் போகிறது. என் தம்பி மகள் சென்னையில் தத்துவம் படிக்கிறாள். பக்கத்துத் தெருப் பையன்கள் இருவர் குடிமைப் பணித் தேர்வுக்குத் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறார்கள். விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண். 2013 முதல் எல்லோருக்கும் பொதுவாக அறவியல் தாள் ஒன்றும் சேர்ந்துகொண்டது, அதற்கும் 250. வத்திராயிருப்பு, கூமாப்பட்டிப் பக்கம் தத்துவம் என்ற பேச்சு காதில் விழுகிறதென்றால், கோயில் உபந்நியாசத்தை விட்டால் இந்தத் தேர்வின் வழியாகத்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, உள்ளே வந்தால் சரி.

உள்ளே வந்தவர்களின் குறிப்பேட்டைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. சுவாங்சி, வண்ணத்துப்பூச்சி: உலகம் கனவு. யானை, பார்வையற்றோர்: உண்மைக்குப் பல முகம். மென்சியஸ், பயிர்: பொறுமை வேண்டும். கதைக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு நீதி. முன்னுரையில் ஒன்றைப் போடலாம், முடிவுரையில் ஒன்றைப் போடலாம். நடுவில் யோசிக்க வேண்டிய அவசியமே வராது.

பழைய சீனத்திலும் இந்தியாவிலும் சிந்தனையாளர்கள் கதை சொன்னது இதற்காக அல்ல. அவர்களுக்கு எதிரே ஓர் எதிராளி உட்கார்ந்திருந்தார். வாதத்தின் நடுவே கதை ஒரு சாட்சியாகக் கூண்டில் ஏறியது. சாட்சி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறவர் குமாஸ்தா. குறுக்கு விசாரணை செய்கிறவர் வக்கீல். தத்துவம் படிக்கிற பிள்ளைகள் வக்கீல் ஆக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நாற்றங்காலில் எழுந்த ஆட்சேபம்

மென்சியஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீனர். கன்பூசியஸ் மரபில் வந்தவர். அவர் சொன்ன கதை இது. சோங் நாட்டில் ஒரு விவசாயி. தன் வயலில் பயிர் வளரவில்லையே என்று அவனுக்கு ஆற்றாமை. ஒருநாள் ஒவ்வொரு பயிராகப் பிடித்து மேலே இழுத்துவிட்டான். களைத்துப்போய் வீட்டுக்கு வந்து, ‘இன்றைக்குப் பயிர் வளர நான் ஒத்தாசை செய்தேன்’ என்று பெருமையாகச் சொன்னான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தான். அத்தனையும் வாடிக் கிடந்தன.

நடவு நேரத்தில் வரப்பில் நின்று இந்தக் கதையைச் சொன்னேன். நாற்று பறித்து முடி கட்டிக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். “பறிக்காம பெறகு எப்படி வாத்தியாரய்யா நடுறது? நாத்து நாத்தங்கால்லயேவா கெடக்கும்?” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். என் தம்பி மகள் சிரிக்கவில்லை. “பெரியப்பா, இதுக்கு மென்சியஸ் என்ன பதில் சொல்லுவார்?” என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நெல் நாற்றை வேரோடு பறித்துத்தான் ஆக வேண்டும். நாள் கடந்து நாற்று முதிர்ந்துபோனால் அப்புறம் நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. சோங் நாடு இருந்தது வடக்குச் சீனத்தில், இன்றைய ஹெனான் பக்கம். அங்கே அன்றைக்கு முதன்மைத் தானியம் தினை வகைகள். விதைத்த இடத்திலேயே வளர்கிற பயிரை வைத்துக் கட்டிய உவமை நம் தொளி வயலுக்கு வரும்போது தடுமாறுகிறது.

மென்சியஸ் தோற்றுவிட்டார் என்று இதற்குப் பொருளல்ல. அவர் பேசியது மனிதனுக்குள் அறவலிமை வளர்வதைப் பற்றி. அந்த வளர்ச்சி எந்தப் பயிரைப் போன்றது? இருந்த இடத்தில் தானாக வளர்வதா, பிடுங்கி வேறு மண்ணில் ஊன்றினால்தான் தூர் கட்டுவதா? கான்சாபுரத்திலிருந்து பதினேழு வயதில் சென்னை விடுதிக்குப் போகிற பிள்ளை வாடுகிறதா, கிளைக்கிறதா? ‘நீதி: பொறுமை’ என்று எழுதியவருக்கு இந்தக் கேள்வி வராது. இன்னொன்றையும் அவர் தவறவிடுவார். மென்சியஸ் அதே இடத்தில் களை எடுக்காமல் சும்மா இருப்பவர்களையும் சேர்த்துத்தான் கண்டிக்கிறார். சும்மா இருப்பது ஒரு பிழை, இழுத்துவிடுவது இன்னொரு பிழை. பொறுமை என்று சுருக்கியதும் முதல் பாதி காணாமல் போய்விடுகிறது.

மலையில் தெரிவது புகையா, பனியா?

கதையை இப்படிச் சோதிப்பது வெளியிலிருந்து வந்த நாகரிகம் என்று யாராவது நினைத்தால், அவர்கள் மணிமேகலையின் கடைசிக் காதைகளைப் படிக்கவில்லை என்று பொருள். உ.வே.சாமிநாதையர் 1898-ல் பதிப்பித்த அந்தக் காப்பியத்தை நாம் அமுதசுரபியோடு நிறுத்திவிடுகிறோம். 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி மாநகரில் தவசி வேடம் பூண்டு, ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் ‘உன் கொள்கை என்ன’ என்று கேட்கிறாள். இளம்பெண்ணாகப் போனால் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதால் வேடம். அளவைவாதி, சைவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்கிறார் அவர். அப்படியானால் உன் தாய் தகப்பனை ஊகத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று அவள் மடக்குகிறாள். தமிழில் ஒரு தத்துவ மாணவியின் குரல் வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

29ஆம் காதையில் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். நிறுவ வேண்டிய கூற்று, அதற்கான காரணம், எடுத்துக்காட்டு. ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல.’ இது எல்லோரும் சொல்வது. அதற்குப் பிறகு அவர் எடுப்பதுதான் முக்கியம். இந்த மூன்றும் எங்கெங்கே பொய்க்கும் என்ற பட்டியல். கூற்றில் வரும் போலி ஒன்பது, காரணத்தில் வரும் போலி பதினான்கு, எடுத்துக்காட்டில் வரும் போலி பத்து. ‘ஒலி அழியாதது, உருவமில்லாததால், அணுவைப் போல’ என்று ஒருவர் சொன்னால், அணுவுக்கு உருவம் உண்டே என்று கேட்டு நிறுத்த வேண்டும். கதை என்பது நீட்டிச் சொன்ன எடுத்துக்காட்டுதானே? அந்தப் பத்துச் சோதனையும் கதைக்கும் பொருந்தும்.

காரணப் போலிகளில் ஒன்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம் செய்யாமலே புரியும். தெரிவது ஆவியா பனியா என்ற சந்தேகம் தீராமலே, புகைதான், ஆகவே நெருப்பு இருக்கிறது என்று முடிவுகட்டுவது. எங்கள் ஊரில் மேற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை. மழைக்காலக் காலையில் சரிவில் வெள்ளையாக ஒன்று ஏறும், அது மேகம். பங்குனி, சித்திரையில் அதே சரிவில் அதே வெள்ளை ஏறினால் காட்டுத்தீயாக இருக்கலாம். பருவம், காற்று, நிறம், அசைவு எல்லாவற்றையும் பார்க்காமல் இங்கே யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இந்தத் தருக்கத்துக்கு ஒரு சீனத் தொடர்பும் உண்டு. சங்கரசுவாமியின் நியாயப் பிரவேசம் என்ற வடமொழித் தருக்கநூல் சொல்லும் போலிகளோடு மணிமேகலையின் பட்டியல் பெரிதும் ஒத்துப்போகிறது. எது எதற்கு முந்தியது என்ற விவாதம் எஸ்.கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928-ல் மணிமேகலை பற்றி எழுதிய நூலிலேயே சூடாக நடக்கிறது. அதே நியாயப் பிரவேசத்தை 647-ல் சீனமொழிக்குப் பெயர்த்தவர், காஞ்சிபுரம் வரை வந்து திரும்பிய யுவான் சுவாங். ஆக, ஒரே சோதனைமுறையை ஒரு பக்கம் தமிழ்க் காப்பியத்து மாணவியும் மறுபக்கம் சீனத்துத் துறவிகளும் கற்றிருக்கிறார்கள். சீனக் கதையையும் இந்தியக் கதையையும் ஒன்றாக வைத்துப் படிப்பது புதுமோகம் அல்ல, பழைய பாடத்திட்டம்.

யானையைக் காட்டியவர் யார்?

பார்வையற்றோரும் யானையும் கதையை எடுங்கள். பாலி மொழியில் உதானம் என்ற பௌத்த நூலில் அது இருக்கிறது. ‘உண்மை பலவிதம், ஆகவே சண்டை வேண்டாம்’ என்று எல்லோரும் நீதி எழுதும் கதை. மூலத்தைப் படித்தால் சங்கடமான விவரங்கள் கிடைக்கும். சாவத்தியில் பிறவியிலேயே பார்வையற்றவர்களை ஒன்றுகூட்டச் சொன்னவர் ராஜா. ஒரு கூட்டத்துக்குத் தலையை மட்டும், இன்னொரு கூட்டத்துக்குக் காதை மட்டும் காட்டியது ராஜாவின் ஆள். அவர்கள் ‘இதுதான் யானை’, ‘அது இல்லை’ என்று கைகலப்பில் இறங்கியபோது ராஜா மகிழ்ச்சியாக வேடிக்கை பார்த்தார்.

இப்போது கேள்விகள் வரும். அவர்கள் அரைகுறையாக அறிந்தது அவர்களுடைய குற்றமா, காட்டியவர் செய்த ஏற்பாடா? முழு யானையைப் பார்த்தவர் ஒருவர் இருந்தால்தானே மற்றவர்களுக்குத் தெரிந்தது பாதி என்று சொல்ல முடியும்? அந்த இடத்தில் தன்னை உட்கார்த்திக்கொள்ளக் கதை சொல்கிறவருக்கு யார் உரிமை கொடுத்தது? புத்தர் இதைச் சொன்னது வாய்ச்சண்டையில் இறங்கிய சமயவாதிகளைக் கண்டிக்க. சமணர்கள் இதே கதையை, எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு என்ற தங்கள் அநேகாந்தவாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே சாட்சி இரண்டு கட்சிக்கும் சாதகமாகப் பேசுகிறதென்றால் அந்தச் சாட்சியை இன்னும் கவனமாக விசாரிக்க வேண்டாமா?

எங்களிடம் இந்தக் கதைக்கு வேறொரு சாட்சியும் உண்டு. 2021-ல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட காடு எங்கள் தோப்புகளுக்குப் பின்புறம்தான். மலையடிவாரத் தென்னை, மாந்தோப்புகளுக்குள் இரவில் யானை இறங்கும். காவலுக்குப் படுப்பவர் அந்த இருட்டில் யானையைப் பார்ப்பதில்லை. மட்டை ஒடிகிற சத்தம், காற்றில் வரும் வாடை, காலையில் மிதிபட்ட தடம், லத்தி, குருத்து பிய்க்கப்பட்ட கன்று. அவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். ஆனால், அடுத்த தோப்புக்காரருக்குப் போன் போட்டு, ‘உங்க பக்கம் என்ன சத்தம்’ என்று கேட்டு, எத்தனை உருப்படி, குட்டி இருக்கிறதா, எந்தப் பக்கம் போகிறது என்பதுவரை சொல்லிவிடுகிறார்கள். அரைகுறைச் சான்றிலிருந்து முழு யானை கிடைக்கிறது.

சாவத்தியில் இருந்தவர்களுக்குக் குறைந்தது பார்வை அல்ல. இரண்டு அடி நகர்ந்து தடவிப் பார்க்கவும், பக்கத்தில் நிற்பவரிடம் ‘உனக்கு என்ன தட்டுப்படுகிறது’ என்று கேட்கவும் அவர்களை யாரும் விடவில்லை. அவர்களுக்கும் தோன்றவில்லை. ‘உண்மை பலவிதம்’ என்பதைவிட இது கடினமான பாடம். இதன்படி பார்த்தால், ‘உன் கருத்து உனக்கு, என் கருத்து எனக்கு’ என்று கும்பிடு போட்டுப் பிரிந்துவிட முடியாது.

தன் வாசலில் நின்ற கிழவர்

அடுத்தது, இன்றைக்கு வாட்ஸ்அப்பில் அதிகம் உலவும் சீனக் கதை. கி.மு. 139-ல் லியு ஆன் என்ற இளவரசர் சீனப் பேரரசருக்குச் சமர்ப்பித்த ஹுவைநான்சி என்ற நூலில் வருவது. எல்லைப்புறக் கிழவர் ஒருவரின் குதிரை ஓடிப்போகிறது. ஊரார் அனுதாபம் சொன்னால், ‘இது நல்லதாகவும் ஆகலாமே’ என்கிறார். குதிரை இன்னொரு நல்ல குதிரையோடு திரும்புகிறது. ஊரார் வாழ்த்தினால், ‘இது கெட்டதாகவும் ஆகலாமே’ என்கிறார். மகன் அந்தக் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொள்கிறான். பிறகு எல்லையில் போர் வருகிறது. இளைஞர்கள் எல்லோரும் போருக்குப் போகிறார்கள். கால் ஊனமானதால் மகன் தப்புகிறான்.

‘எல்லாம் நன்மைக்கே’ என்று நம் ஆட்கள் இதற்கு நீதி எழுதிவிடுகிறார்கள். கதையில் போகிறபோக்கில் ஒரு விவரம் உண்டு: போருக்குப் போன எல்லைப்புற ஆண்களில் பத்தில் ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அந்த ஒன்பது வீட்டு வாசலில் போய் அந்தக் கிழவர் ‘இது நல்லதாகவும் ஆகலாமே’ என்று சொல்வாரா? சொன்னால் அவரை என்ன செய்வார்கள்? கதை அந்த வாசல்களுக்குப் போகவே இல்லை.

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் விபத்துகள் உண்டு. நிவாரணம், பாதுகாப்பு விதி, யார் பொறுப்பு என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘எது நல்லது எது கெட்டது யாருக்குத் தெரியும்’ என்று ஒருவர் தத்துவம் பேசினால் அது தத்துவம் ஆகாது, கையைக் கழுவுவது. தனக்கு வந்த இழப்பைச் சமநிலையோடு தாங்குவது வேறு. அடுத்தவர் இழப்புக்குச் சமநிலையைப் பரிந்துரைப்பது வேறு. கிழவரின் கதை முதலாவதற்கு நல்ல சாட்சி. இரண்டாவதற்கு அது வாய் திறக்க உரிமை இல்லை.

இந்தக் கதையோடு கிசா கோதமியின் கதையைச் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயிடம் புத்தர் சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார் என்பது பௌத்த உரைகள் சொல்லும் வரலாறு. அவளுக்கு ஆறுதல் மொழி எதையும் அவர் முதலில் சொல்லவில்லை. தெருவில் நடக்க வைத்தார். ஒவ்வொரு வாசலிலும் அவள் கேட்கிறாள். ஒவ்வொரு வீடும் தன் சாவைச் சொல்கிறது. அவள் தெரிந்துகொண்டது மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. எல்லைக் கிழவர் தன் வாசலை விட்டு இறங்கவே இல்லை. இரண்டும் இழப்பைப் பற்றிய கதைகள்தான். ஒன்றை வைத்து மற்றதை விசாரித்தால் இரண்டுமே ஆழமாகும். தனித்தனியாக நீதி எழுதினால் இரண்டும் காலண்டர் வாசகம் ஆகிவிடும்.

விசாரணையில் தேறிய கதை

எல்லாக் கதையையும் குறை சொல்லவா தத்துவம் படிப்பது என்று பையன்களில் ஒருவன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. குறுக்கு விசாரணையில் ஸ்திரமாக நிற்கும் சாட்சிகளும் உண்டு. சாந்தோக்ய உபநிடதத்தில் சுவேதகேது பன்னிரண்டு வயதில் குருகுலம் போய், இருபத்து நான்கில் வேதம் அத்தனையும் கற்றுத் தலைக்கனத்தோடு திரும்புகிறான். பாடத்திட்டத்தை முழுதாக முடித்த மாணவன். அப்பா உத்தாலகர் ஆலம்பழத்தைக் கொண்டுவரச் சொல்கிறார், பிளக்கச் சொல்கிறார், விதையையும் பிளக்கச் சொல்கிறார். உப்பைத் தண்ணீரில் போட்டு மறுநாள் எடுத்துத் தா என்கிறார். மனம் உணவால் ஆனது என்று சொல்லிவிட்டு, நம்பு என்று நிறுத்தவில்லை. பதினைந்து நாள் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் குடி என்கிறார். பதினாறாம் நாள் வேதம் சொல்லச் சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்ததும் எல்லாம் வருகிறது.

இந்தச் சாட்சியிடமும் கேள்வி கேட்கலாம். ஆலவிதையைப் பிளந்தபோது அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு நுண்ணோக்கியில் கரு தெரியுமே, அப்போது உத்தாலகரின் வாதம் என்ன ஆகும் என்று என் தம்பி மகள் கேட்கிறாள். கேட்கட்டும். ஆனால், பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்ற பகுதியை யாரும் அசைக்க முடியாது. விருதுநகரில் பிறந்த காமராஜர் முதல்வராக இருந்தபோது பள்ளிக்கூடங்களில் மதிய உணவு போட்டதற்கு உபநிடதம் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் பார்த்த உண்மை ஒன்றுதான்.

நான் சொல்வதற்கே எதிரான ஒரு கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கி.மு. 233-ல் சின் நாட்டுச் சிறையில் இறந்த சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் சொன்னது. ஒரு விவசாயியின் வயலில் ஒரு மரக்கட்டை. ஓடிவந்த முயல் அதில் மோதிக் கழுத்து முறிந்து செத்தது. அன்றிலிருந்து அவன் கலப்பையைப் போட்டுவிட்டு, அடுத்த முயலுக்காகக் கட்டையருகே உட்கார்ந்துவிட்டான். பழைய அரசர்களின் வழிமுறையால் இன்றைய மக்களை ஆள நினைப்பவர்கள் இவனைப் போன்றவர்கள் என்கிறார் ஹான் ஃபெய். பழங்கதையை வைத்து இன்றைய மாணவர்களுக்குப் பாடம் சொல்கிற என் மேலும் அந்த அடி விழத்தான் செய்யும். என் பதில் இது: அடுத்த முயலுக்காகக் கட்டையருகே உட்காருவதுதான் மடமை. முயல் ஏன் அங்கே மோதியது என்று கட்டையை ஆராய்வது மடமை அல்ல. நீதி எழுதுகிறவர் உட்கார்ந்திருக்கிறார், விசாரிக்கிறவர் ஆராய்கிறார்.

வாதத்துக்கு ஒரு துணை

வண்ணத்துப்பூச்சிக் கதை சொன்ன சீனச் சிந்தனையாளர் சுவாங்சிக்கு ஹுய்சி என்று ஒரு நண்பர்; எதைச் சொன்னாலும் மறுப்பவர். மீன்கள் மகிழ்ச்சியாக நீந்துகின்றன என்று சுவாங்சி சொன்னால், நீ மீன் இல்லையே, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர். ஹுய்சி இறந்த பிறகு, அவர் கல்லறையைக் கடக்கும்போது சுவாங்சி ஒரு கதை சொல்கிறார். ஒருவர் மூக்கின் மேல் ஈயின் இறகளவு சுண்ணம் ஒட்டியிருக்கும். தச்சர் கோடரியை வீசி மூக்கில் கீறல் விழாமல் அதை மட்டும் எடுத்துவிடுவார். அரசர் கூப்பிட்டு எனக்குச் செய்துகாட்டு என்றபோது தச்சர், ‘முன்பு என்னால் முடிந்தது, அசையாமல் நின்ற என் ஆள் செத்துப் பல காலம் ஆயிற்றே’ என்றாராம். ஹுய்சி போன பிறகு எனக்கும் பேச ஆளில்லை என்று முடிக்கிறார் சுவாங்சி. மறுப்பவர் இல்லையென்றால் தன் திறமையும் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் பக்கத்திலும் அந்த வழக்கம் இருந்ததுதான். திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் மதுரையில் பாண்டியன் சபையில், பரம்பொருள் எது என்ற கேள்விக்கு வாதிட்டுப் பொற்கிழி வென்றார் என்று வைணவக் குருபரம்பரை சொல்கிறது. கிழி கட்டிய கம்பம் தானே வளைந்ததையும் அவர் யானைமேல் ஊர்வலம் வந்ததையும் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கேள்வியைப் பொதுச்சபையில் வைத்தார்கள், எதிர்க்கட்சிக்கு இடம் கொடுத்தார்கள், வென்றவருக்குப் பரிசு வைத்தார்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆகவே, ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும் என் கோரிக்கை எளியது. கல்லூரித் தத்துவத் தாளில் ‘இக்கதை உணர்த்தும் கருத்தை விளக்குக’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் ‘இக்கதை எங்கே பொருந்தவில்லை என்று காட்டுக’ என்று இன்னொரு கேள்வியையும் வையுங்கள். மதிப்பெண்ணைச் சமமாகப் பிரியுங்கள். மணிமேகலையின் 27, 29ஆம் காதைகளைத் தமிழ்த் துறை தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் தத்துவத் துறைக்கும் கொடுங்கள். சி.மணி தமிழில் தந்த தாவோ தே ஜிங் போன்ற சீன மூலங்களின் மொழிபெயர்ப்புகளை ஊர்ப்புற நூலகங்கள் வரை அனுப்புங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்வது இதைவிட எளியது. ஒரு கதை கையில் கிடைத்தால் மூன்றைக் கேளுங்கள். யாரை மறுக்க இது சொல்லப்பட்டது? இந்த உவமை எந்த மண்ணில், எந்தப் பயிரில் பொய்க்கும்? கதைக்குள் பேசாமல் இருப்பவர் யார், அவர் பேசினால் என்ன சொல்வார்? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு, உங்களை மறுக்கக்கூடிய ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். அவர் கல்லூரியில் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மென்சியஸை மடக்கியவர் நாற்று முடி கட்டிக்கொண்டிருந்தவர்.